ஏவ்பரி கல்வட்டம் பார்க்கப் போகிறோம், முழங்கால் வலிக்காரருக்கு ஒரு நாள் போதுமா?

கோண்டாவில் அக்கா கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் நானும் இவரும் மகளிடம் இங்கிலாந்துக்குப் போகிறோம். அவள் ரெடிங்கில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம்தான். இரண்டு மாதம் நின்று உதவி செய்துவிட்டு வருவதாக எண்ணம்.

நான் கேட்க வந்தது இவருடைய ஆசை பற்றி. இவர் தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். சரித்திரம் என்றால் சாப்பாடு தேவையில்லை. ஏதோ ஒரு பழைய கலண்டரில் வந்த, இங்கிலாந்தில் இருக்கிற ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் படத்தை வெட்டி வைத்திருக்கிறார். 95 இடப்பெயர்வில் சாவகச்சேரிக்குப் போனபோது காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு அந்தப் படமும் அதே பைக்குள் வந்தது. இப்போது அது மடிப்பிலே கிழிந்துபோய் இருக்கிறது.

மருமகன் சொல்கிறார், ஸ்டோன்ஹெஞ்சில் கயிறு கட்டித் தூரத்தில்தான் நிறுத்துவார்களாம், ஏவ்பரி என்று இன்னொரு இடம் இருக்கிறது, அதுதான் பெரியது, கல்லைத் தொடலாம், ரிக்கெற்றும் இல்லை என்று. இவர் ஏவ்பரி என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. மருமகனுக்கு ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் போல.

இவருக்கு இடது முழங்கால் தேய்வு. தோட்டத்துக்குப் போய் வருவார், ஆனால் நிறுத்தாமல் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நடந்தால் அன்றிரவு தைலம் போட வேண்டும். எந்த இடத்துக்குப் போவது? எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? இன்னொன்று, இவர் கேட்கச் சொன்னது: அங்கே இருப்பது புதைகுழியா? 1980இல் இங்கே ஆனைக்கோட்டையில் பழங்காலப் புதைகுழி தோண்டியபோது இவர் சைக்கிளில் போய் எட்டிப் பார்த்தவர். அது மாதிரியா இது?

போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கந்தரோடைச் சேர் எழுதுகிறார்:

அக்கா, ஒரு படத்தை இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தவரிடம் ஸ்டோன்ஹெஞ்சை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு நாள் கிடைத்தால் இரண்டுக்கும் போங்கள். ஒரே நாள்தான் என்றால் ஏவ்பரி. நான் புவியியல் படிப்பித்தவன். லண்டனில் இருக்கிற தம்பியிடம் போன இரண்டு முறையும் சேர்த்து ஏவ்பரிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அளவு. சுற்றியிருக்கும் மண் அணைக்குள் மட்டும் கிட்டத்தட்ட 28 ஏக்கர். எங்கள் கணக்கில் 450 பரப்புக்குச் சற்றுக் குறைவு. உலகத்தில் இருக்கிற கல்வட்டங்களில் இதுதான் பெரியது. வெளிவட்டத்தின் குறுக்களவு 330 மீற்றர் வரும். அந்த வட்டத்துக்குள் இன்னும் இரண்டு சிறிய வட்டங்கள். இதற்குள்ளேயே ஒரு ஊரும் இருக்கிறது. வீடுகள், ஒரு மதுச்சாலை, வாகனம் ஓடும் தெரு எல்லாம் கல்லுக்கு நடுவில். நான் முதல் தடவை சுவிண்டனிலிருந்து 49ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கி, “கல்வட்டம் எங்கே?” என்று ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். “நீங்கள் அதற்குள்தான் நிற்கிறீர்கள்” என்றார். திரும்பிப் பார்த்தால் ஒரு வீட்டு மதிலுக்குப் பின்னால் என்னைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு கல் நின்றது. அதன் அடியில் ஒரு செம்மறி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கல்லைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அகழி. அணைக்கு உட்பக்கம் வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். இப்போது மண் நிரம்பிப் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது, அப்படியிருந்தும் கீழே இறங்கி நிற்கும் மனிதன் சின்னதாகத்தான் தெரிகிறான். வெட்டிய காலத்தில் 9 மீற்றர் ஆழம். வெட்டியவர்களிடம் இரும்பும் இல்லை, செம்பும் இல்லை. மான் கொம்பை மண்வெட்டியாகப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். 1908க்கும் 1922க்கும் இடையில் தோண்டியபோது அந்தக் கொம்புகள் அகழியின் அடியிலேயே கிடைத்தன. எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் அலவாங்கோடு படுகிற பாட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெட்டிப் போட்ட வெள்ளைக் கல் கிணற்றடியில் வெயிலுக்குக் கண் கூசும், ஞாபகம் இருக்கிறதா? ஏவ்பரியின் நிலமும் சுண்ணாம்புதான். எங்களுடையதைவிட மிகப் பழையது, மிருதுவானது, கரும்பலகையில் எழுதுகிற சோக்குக் கட்டியின் ஜாதி. அப்படியென்றால் புதிதாக வெட்டிய காலத்தில் அந்த அணை முழுவதும் வெள்ளை வெளேர் என்று நின்றிருக்கும். இன்றைக்குப் புல் மூடிப் பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லுங்கள்.

கற்கள் சார்சன் என்ற மணற்கல். அவற்றை யாரும் செதுக்கவில்லை, கிடந்தபடியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கிழக்கே இருக்கிற மேட்டு நிலத்தில் அதே கற்கள் இன்றும் புல்லுக்குள் சிதறிக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்டு மந்தை படுத்திருப்பது போலத் தெரியும் என்பதால் அங்கத்தைய சனம் அவற்றைச் சாம்பல் செம்மறி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. நான் மத்தியானம் ஒரு கல்லில் கை வைத்தேன். வெயில் பட்ட பக்கம் வீட்டுச் சுவர் மாதிரி இளஞ்சூடு. சுற்றிக்கொண்டு நிழல் பக்கம் போய்த் தொட்டால் கிணற்றுக்கட்டுக் குளிர். மேல் முழுவதும் மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி, காய்ந்த அப்பத்தின் ஓரம் மாதிரிச் சுருண்டிருக்கும். அதை மட்டும் சுரண்ட வேண்டாம், வளர எத்தனையோ வருடம் எடுக்கிற பொருள் அது.

நூறு கல்லுக்குக் கிட்ட வெளிவட்டத்தில் இருந்தனவாம். பெரும்பாலானவை இப்போது இல்லை. இல்லாத இடங்களில் சிறிய சீமெந்துக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊரவர்களே குழி வெட்டிப் பல கற்களைச் சாய்த்துப் புதைத்தார்கள். 1938இல் அப்படிப் புதைத்த ஒரு கல்லை எடுத்தபோது கீழே ஒரு மனிதனின் எலும்புக்கூடு. பக்கத்தில் கத்தரிக்கோல், ஒரு சின்னக் கூர்க்கருவி, சில வெள்ளிக் காசு. ஊர் ஊராகப் போய் முடிவெட்டி, இரத்தமும் குத்தி எடுக்கிற நாவிதராக இருக்கலாம் என்று நினைத்து, அந்தக் கல்லுக்கே நாவிதர் கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல் சரிந்துதான் இறந்தார் என்று அப்போது எழுதினார்கள். பிற்காலத்தில் எலும்பைத் திரும்பப் பரிசோதித்தவர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கல்லடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் புதைப்பதும் போய் உடைப்பது தொடங்கியது. கல்லைச் சுற்றிக் குழி வெட்டி, வைக்கோல் நெருப்பில் காய்ச்சி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெடித்த கோட்டில் சம்மட்டியால் அடித்து வீடு கட்ட எடுத்துப் போனார்கள். வில்லியம் ஸ்டூக்லி என்பவர் 1720 வாக்கில் அங்கே போய் நின்று, உடைபடுவதைப் பார்த்துப் பார்த்துப் படம் கீறி வைத்திருக்காவிட்டால் எந்தக் கல் எங்கே நின்றது என்று இன்றைக்குப் பாதி தெரியாது. 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் என்ற மாமலேட் கம்பனிக் குடும்பத்துப் பணக்காரர் காணிகளை வாங்கி, புதைந்த கற்களைத் தோண்டி நிமிர்த்தினார். அதற்காக வட்டத்துக்குள் இருந்த வீடுகள் சிலவற்றை இடித்து, சனத்தை வெளியே ஏவ்பரி ட்ரஸ்லோ என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு அம்மாவின் ஊர் தெல்லிப்பழை. 1990இல் விட்டுவிட்டு வந்த வளவு. அதனால் அந்தத் துப்புரவான புல்தரையில் நிற்கும்போது இங்கே யாருடைய அடுப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கெய்லர் செய்ததைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லையென்றால் பார்க்கக் கல்லே இல்லை. ஆனாலும் நினைத்தேன்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடாதீர்கள். அந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். தெற்குப் பக்கமாக இரட்டை வரிசையில் கல் நட்ட ஒரு பாதை போகிறது, வெஸ்ற் கென்னெற் அவெனியூ என்று பெயர். ஒரு பக்கம் ஒல்லியாக உயர்ந்த கல், எதிரே அகலமாக மூலை திருப்பி வைத்த கல், இப்படிச் சோடி சோடியாக. முழுப் பாதையும் இரண்டரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட. ஐயா முதல் பத்துச் சோடி வரை நடந்தால் போதும். நான் போனது மே மாதம். இரண்டு பக்கமும் கடுகுச் செடி மாதிரி ஒரு எண்ணெய்ப் பயிர் மஞ்சளாகப் பூத்திருந்தது. மேலே வானம்பாடி. பறவை கண்ணுக்குப் படாது, பாட்டு மட்டும் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வட்டத்திலிருந்து தெற்கால் ஒரு கிலோமீற்றர் தாண்டினால் சில்பரிக் குன்று. குன்று என்கிறார்கள், மனிதர் குவித்தது. 39 மீற்றர் உயரம், கி.மு. 2400 அளவில் கட்டினது. ஐரோப்பாவில் அந்தக் காலத்து மேடுகளில் இதைவிடப் பெரியது இல்லை. உள்ளே புதையல் இருக்கும், ராசா இருப்பார் என்று 1776இலிருந்து துளைத்துப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. பழைய துளைகள் இடிந்து 2000இல் உச்சியே உள்வாங்கி, பிறகு திருத்தியிருக்கிறார்கள். ஏற விடமாட்டார்கள். கீழே வேலியடியில் நின்று பார்க்கலாம்.

அந்தக் குன்றின் காலடியில் ஒரு வாய்க்கால். இதைத்தான் ஐயாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். மாரியில் ஓடும், கோடையில் வற்றும். சுண்ணாம்புக்குள் இறங்கிய மழைத்தண்ணி நிரம்பினால்தான் மேலே வரும். அக்கம்பக்கத்து ஊர்களுக்கே குளிர்கால ஓடை என்ற பொருளில் பெயர் இருக்கிறது. எங்கள் வீடு கந்தரோடையில், பின்வளவைத் தாண்டினால் வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஆறு, பங்குனியில் மாடு மேய்கிற பள்ளம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சுண்ணக்கல் நிலத்தில் ஆறு ஏன் நிலைப்பதில்லை என்று கரும்பலகையில் கீறினவன், அதே பாடத்தை இன்னொரு நாட்டில் ஒரு கல்வட்டத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். கந்தரோடையில் பழங்காலத்துச் சனம் ஆற்றை ஒட்டித்தான் இருந்தது. அங்கேயும் ஆற்றை ஒட்டித்தான்.

இன்னொரு விஷயம், அந்த வாய்க்கால்தான் கென்னெற் ஆறு. மார்ல்பரோ, நியூபரி எல்லாம் தாண்டிப் போய்க் கடைசியில் தேம்ஸ் ஆற்றில் விழுகிற இடம் எது தெரியுமா? ரெடிங். உங்கள் மகள் வீட்டு ஊர்.

ரோட்டைத் தாண்டி மேடேறினால் வெஸ்ற் கென்னெற் நெடுமேடு. கி.மு. 3650 அளவில் கட்டின, நூறு மீற்றர் நீளமான கல்லறை. வட்டத்தைவிட ஆயிரம் வருடத்துக்கிட்டப் பழையது. உள்ளே போகலாம், கதவும் இல்லை, காவலும் இல்லை. ஐந்து சிறு அறைகள். ஒரு கல்லில் வழுவழுப்பான தேய்வு இருக்கிறது, கல்லறை கட்டுமுன்பே அந்தக் கல்லில் கோடரி தீட்டியிருக்கிறார்கள். ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் அம்மாவின் அம்மியில் நடுவில் குழி விழுந்த இடம் அப்படித்தான் இருந்தது, ஈரமில்லாமலே ஈரம் மாதிரி. சுற்றியிருக்கிற கல்லெல்லாம் சொரசொரப்பு, அந்த இடம் மட்டும் கையை வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் முறை போனபோது முதல் நாள் மழை. சாதாரணச் சப்பாத்தோடு நெடுமேட்டிலிருந்து இறங்கினேன். சுண்ணாம்புச் சேறு சவர்க்காரம் மாதிரி. வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, கடைசியில் பஸ்ஸையும் விட்டு, தம்பி இரண்டு மணித்தியாலம் ஓடி வந்து ஏற்ற வேண்டியதாயிற்று. ஐயாவுக்கு அடி பிடிக்கிற சப்பாத்து கட்டாயம்.


கோண்டாவில் அக்கா:

சேர், இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஆறு ரெடிங்குக்கு வருகிறது என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப வாசி என்றார். சேர் சொன்ன வட்டம் முழுவதும் நடந்தால் எவ்வளவு தூரம்? கழிப்பறை, சாப்பாடு எப்படி? கைக்குழந்தையும் வரும்.


சுவிண்டன் தங்கச்சி எழுதுகிறார்:

அக்கா, நான் உரும்பிராய், இங்கே வந்து பதினாறு வருடம். ஏவ்பரி எங்களுக்குப் பக்கம். பிள்ளைகளை நடக்கப் பழக்கியதே அங்கேதான். ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை என்பதால் முழங்கால் பற்றி முதலில் சொல்கிறேன்.

சேர் சொன்ன எல்லா இடத்தையும் நடையாகவே சுற்றினால் பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஐயா அதைச் செய்யக்கூடாது. மருமகனிடம் கார் இருக்கிறதுதானே. வெள்ளன வெளிக்கிடுங்கள், ரெடிங்கிலிருந்து ஒரு மணித்தியாலம். முதலில் நெடுமேட்டுக்குப் போங்கள். கீழே ரோட்டோரம் கார் நிறுத்த இடம் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறுவது மெதுவான ஏற்றம்தான், இருபது நிமிடம். ஆனால் இறக்கத்தில்தான் முழங்கால் நோகும். நடைக்கோல் இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று வேண்டாம், இரண்டும் வேண்டும். காலையில் கால் களைக்க முன்னம் இதை முடித்துவிட்டால் மிச்சம் எல்லாம் சமநிலம். பிறகு சில்பரிக்குப் பக்கத்தில் இருக்கிற கார்ப்பார்க்கில் நிறுத்தி அப்படியே பார்க்கலாம். மத்தியானம் ஏவ்பரி.

வட்டத்துக்குள் போக ரிக்கெற் இல்லை, கார் நிறுத்தத்தான் காசு. கழிப்பறையும் தேத்தண்ணிக் கடையும் ஊருக்குள் இருக்கின்றன. ஆனாலும் நான் எப்போதும் புட்டு கட்டிக்கொண்டுதான் போவேன். முட்டைப் பொரியலோடு குழைத்து வாழையிலை இல்லாவிட்டாலும் ஈயத்தாளில் சுற்றி. மே மாதம் என்றாலும் காற்று எலும்புக்குள் போகும், காதை மூடுகிற தொப்பி ஐயாவுக்கும் பிள்ளைக்கும் வேண்டும். தள்ளுவண்டி வேண்டாம், பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். வேலிக் கதவுகள் ஒடுக்கம், ஆட்டுப் புழுக்கை எங்கும்.

நீளமான புல்லுக்குள் போனால் உண்ணி ஏறும். இங்கத்தைய உண்ணி சிலதில் ஒரு காய்ச்சல் கிருமி இருக்கிறது. காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுவிட்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனிக் குறட்டால் நேராக இழுத்து எடுக்க வேண்டும், எண்ணெய் பூசக்கூடாது.

ஜூன் 21ஐ ஒட்டிப் போகாதீர்கள், சூரியனைக் கும்பிட வருகிற கூட்டம். மற்ற நாளில் கிழக்குப் பக்க அணையில் பெரிய மரங்கள் இருக்கின்றன, வேரெல்லாம் வெளியே பாம்புக் கூட்டம் மாதிரிப் பின்னிக் கிடக்கும். கிளைகளில் சனம் கலர் கலராக நாடா கட்டி வைத்திருக்கும், நோய் மாறவும் செத்தவர்களை நினைத்தும். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது வயிற்றில் மூத்தவன். எங்கள் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினது நினைவு வந்து, தலைமுடிக்குக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து ஒரு கிளையில் கட்டினேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. மருமகன் சொன்னது சரி, சாதாரண ரிக்கெற்றில் உள்ளே விடமாட்டார்கள், சுற்றிவர நடந்துதான் பார்க்கலாம். விடிய வெள்ளன அல்லது பின்னேரம் சனம் போன பிறகு கல்லுக்கு நடுவே போக வேறு ரிக்கெற் இருக்கிறது, மாதக்கணக்கில் முன்னரே எடுக்க வேண்டும். ஐயாவிடம் அந்தப் படம் இருக்கிறதென்றால் இப்போதே மகளிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.


அகழ்வுக் குழி எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தவன். ஐயாவின் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, அது நல்ல கேள்வி.

ஏவ்பரி வட்டம் புதைகுழி இல்லை. சேர் சொன்ன நெடுமேடுதான் புதைத்த இடம், 1950களில் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் குறைந்தது 36 பேருடையவை. குழந்தைகளும் அதில் உண்டு. வட்டம் சனம் கூடிச் சடங்கு செய்த இடம் என்பதுதான் பொதுவான கருத்து.

ஆனைக்கோட்டையோடு ஒப்பிடும்போது காலத்தைக் கவனிக்க வேண்டும். ஏவ்பரியைக் கட்டியவர்கள் புதிய கற்காலத்து மக்கள். பெரும்பகுதி வேலை கி.மு. 3000க்கும் 2200க்கும் இடையில். ஆனைக்கோட்டையில் நீட்டிப் படுக்கவைத்திருந்த எலும்புக்கூடு இரும்புக் காலத்தது, ஏறக்குறைய 2000 வருடம் பிந்தியது. அதோடு கிடைத்த சின்ன முத்திரையில் மேலே குறிகள், கீழே பிராமி எழுத்து. “கோவேத” என்று வாசித்திருக்கிறார்கள். எழுத்துத் தெரிந்த சமூகம் இது. ஏவ்பரியில் எழுத்து என்ற பேச்சே இல்லை.

பெருங்கற்காலம் என்ற சொல்தான் எங்களைக் குழப்புகிறது, பெரிய கல் வைத்த எல்லாவற்றுக்கும் அதையே பாவிக்கிறோம். தமிழ்நாட்டில் கொடுமணலில் புதைத்த இடத்தைச் சுற்றிக் கல்வட்டம் இருக்கிறது, உள்ளே கல்லறை. ஆதிச்சநல்லூரிலும் எங்கள் பொம்பரிப்பிலும் இறந்தவரை வைத்துப் புதைத்த தாழி. தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவில் கற்பலகைப் பெட்டி. எல்லாம் ஒரே பண்பாட்டு வட்டத்துக்குள் வரும். ஏவ்பரிக் கல்வட்டத்துக்கும் இங்கத்தைய கல்வட்டத்துக்கும் உறவு கிடையாது. நிலத்தைப் பற்றிச் சேர் சொன்ன ஒப்புமை மிகச் சரி, நான் அதை இப்படி யோசித்ததே இல்லை. ஆனால் அதை வைத்து அவர்களும் நாங்களும் ஒரே சனம் என்று யாராவது இதன் கீழே எழுத முன்னம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கல்வட்டம் இல்லாததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நிறுத்துகிற மாதிரிப் பெரிய பாறை எங்களிடம் எங்கே இருக்கிறது? வன்னிப் பக்கம் போனால்தான் கருங்கல்.

அங்கே போகமுன் ஐயாவைக் கந்தரோடைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சின்னச் சின்னத் தூபிகளைச் சனம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் கிடைத்த பழைய குடியிருப்பு அதைவிட முந்தியது, சுற்றியிருக்கிற தோட்டங்களுக்குக் கீழே. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் தோண்டியிருக்கிறார்கள். மாரி முடிந்து உழுத நேரத்தில் தோட்டக்காரர்களோடு கதைத்தால் ஓட்டுத்துண்டு எங்கே வருகிறதென்று காட்டுவார்கள். எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.


கந்தரோடைச் சேர்:

தம்பி சொன்னது முழுக்கச் சரி, நான் நிலத்தை மட்டும்தான் ஒப்பிட்டேன். ஸ்டோன்ஹெஞ்ச் படம் வைத்திருக்கிற ஐயாவுக்கு இன்னொன்று. 2020இல் ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களை வேதியியல் முறையில் ஆராய்ந்து, பெரும்பாலானவை மார்ல்பரோவுக்குத் தெற்கே உள்ள வெஸ்ற் வூட்ஸ் என்ற காட்டிலிருந்து போனவை என்று கண்டுபிடித்தார்கள். ஏவ்பரியிலிருந்து அது பக்கம், ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 25 கிலோமீற்றர். ஆகவே ஐயாவின் படத்தில் நிற்கிற கல்லும் இந்தப் பக்கத்துக் கல்தான்.

கந்தரோடைக்கு வருவதென்றால் எங்கள் வீட்டுப் படலை திறந்துதான் இருக்கும். ஆற்றங்கரைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.


கோண்டாவில் அக்கா (ஜூன்):

எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். மே மாதம் மூன்றாம் கிழமை போனோம். தங்கச்சி சொன்ன ஒழுங்கிலேயே முதலில் நெடுமேடு. இரண்டு கோலும் நல்ல உதவி. நான் நாலு தடவை நிற்கச் சொன்னேன், அவர் இரண்டு தடவைதான் நின்றார். உள்ளே ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்து, சேர் சொன்ன கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். முதலில் நான்தான் கை வைத்தேன். அம்மிதான். இவர் விரலை அந்தக் குழியில் வைத்துக்கொண்டு ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து நின்றது, நாங்கள் நெடுநேரம் வெளியே வராததால் அவர்களும் பொறுத்து நின்றார்கள்.

வட்டத்தில் மூத்த பேத்தி ஒவ்வொரு கல்லாக ஓடிப்போய் நிழல் பக்கம், வெயில் பக்கம் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இவர் அவளுக்கு நாவிதர் கதையைச் சொல்லி, அவள் இரவு நித்திரை கொள்ளவில்லை, மகளிடம் எனக்குத்தான் ஏச்சு. புட்டு இரண்டு பொதி கொண்டுபோனோம், ஒரு ஆடு கிட்ட வந்து மணந்துவிட்டுப் போனது. உண்ணி ஒன்று மருமகனின் கணுக்காலில். குறட்டால் எடுத்தோம், ஒரு கரைச்சலும் இல்லை.

ஸ்டோன்ஹெஞ்ச் ரிக்கெற் நாங்கள் நிற்கிற காலத்துக்குள் கிடைக்கவில்லை. போகும்போது படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார் என்று வீட்டுக்கு வந்துதான் தெரியும். சட்டையைத் தோய்க்க எடுத்தபோது நான் பார்த்து எடுத்துவிட்டேன்.

முழங்கால் மூன்று நாள் வீங்கியிருந்தது. நாலாம் நாள் தானாகவே எழும்பி, தள்ளுவண்டியில் சின்னவனை வைத்துக்கொண்டு, கென்னெற் தேம்ஸோடு சேர்கிற இடத்துக்கு வழி கேட்டு மகளோடு நடந்துபோனார். மகள் அங்கே இருந்து எனக்குப் படம் அனுப்பினாள். இந்தப் பக்கம் தண்ணி கொஞ்சம் தெளிவு, அந்தப் பக்கம் கலங்கல். இவர் தெளிந்த பக்கத்தைக் கையால் காட்டிப் பிள்ளைக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளை நித்திரை.

சேர், ஆடியில் ஊருக்கு வந்துவிடுவோம். வழுக்கையாற்றில் தண்ணி எப்போது வரும் என்று இவர் கேட்கிறார்.


கந்தரோடைச் சேர்:

கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் மார்கழியில் பார்க்கலாம் அக்கா. வரமுன்னம் ஒரு செய்தி போடுங்கள், கோலையும் கொண்டுவாருங்கள்.